உயிர்வழக்கும் ஜூரர் தெரிவும்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் ஒரு வழக்காடல் நடத்தினர். கோவலனைக் கள்வனென்று பொய்யுரைத்து, அவன் உயிர் போதற்குக் காரணனாய் நின்ற பொற்கொல்லனைக் கூண்டில் ஏற்றி, கொலைக்குற்றம் சாட்டி, ஒன்பது ஜூரர் முன்னிலையில் விசாரித்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. மாணாக்கர் முப்பதின்மர் பெயரைச் சீட்டில் எழுதி, விடுதிச் சமையற்கட்டிலிருந்து கொணர்ந்த மண்குடம் ஒன்றில் இட்டுக் குலுக்கினர். குடத்திலிருந்து வரும் பெயர்களுள் தமக்கு உடன்பாடில்லாதாரை இரு தரப்பு வக்கீல்களும் நீக்கிக்கொள்ளலாம் என்று விதியும் செய்திருந்தனர்.

எம் பெயர் நான்காவதாக வந்தது. "கொலை செய்தவனுக்குத் தூக்குத் தண்டனை தகுமென்று கருதுகிறீரா?" என்று சர்க்கார் தரப்பு வக்கீலாய் அமர்ந்த நண்பர் வினவினார். "தகாது" என்றோம். "நன்று, இறங்கி அமர்க" என்றார். எமக்குப் பின் வந்தவர் பொன்வேலை செய்வார் மரபினர். கூண்டில் நிற்பவனிடம் பரிவுடையராவார் என்று அவரும் நீக்கப்பட்டார். எதிர்த்தரப்பாரும் வாளாவிருந்தாரல்லர். சீகாழிப் பக்கத்து மாணவர் ஒருவரைக் கண்ணகிக்கு ஊரார் என்று சொல்லி அகற்றினர். இறுதியில் தேறிய ஒன்பதின்மரும் தனியறைக்குச் சென்று, ஊற்றி வைத்த தேநீர் ஆறுமுன்னே, 'குற்றவாளி' என்று ஒருமுகமாய்க் கூறி மீண்டனர். அவையோர் கைகொட்டி மகிழ்ந்தனர்.

நகைப்பின்பொருட்டு நிகழ்ந்ததே அது. ஆயினும், சாட்சி ஒருவரும் வாய் திறப்பதற்கு முன்னரே அவ்வழக்கின் முடிவிற் பாதி எழுதப்பட்டுவிட்டதோ என்னும் ஐயம் எம்மை விட்டு நீங்கவில்லை. மெய்யாகவே உயிர் ஊசலாடிய வழக்குகளிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டோ என்று தேடத் தொடங்கினோம். அவ்வாறு தேடிக் கண்டவற்றுட் சிலவற்றையே ஈண்டு வரைகின்றோம்.

சட்டம் இன்னதென்று கூறுவது நீதிபதியின் தொழில். நிகழ்ந்தது இன்னதென்று துணிவது ஜூரரின் தொழில். ஜூரர் சட்டம் பயின்றவரல்லர். நம்மைப் போன்ற பொதுமக்களே. ஒருவன் உயிரை வாங்கும் அதிகாரம் அரசின் கையில் மட்டும் இருத்தலாகாது, அவனோடொத்த மாந்தரும் உடன்பட வேண்டும் என்னும் கருத்தின்மேல் எழுந்ததே இம்முறை. ஆயின் 'அவனோடொத்த மாந்தர்' யாவர்? அவர்தம் பெயரை ஏட்டில் எழுதுபவர் யாவர்? எழுதிய பெயரை அடிப்பவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை கூறுமிடத்திலேதான் முறையின் நேர்மை நிற்கும், அன்றேல் வீழும்.

குடமும் சீட்டும் தமிழருக்குப் புதியன அல்ல. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறை கல்லில் வெட்டப்பட்டுள்ளது. முப்பது குடும்புகளினின்றும் வந்த ஓலைகளை எடுத்தற்கு ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனை அழைத்தனர். அச்சிறுவன் கையில் வஞ்சகம் இல்லை. ஆனால் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவையும் உடையார் பெயரே ஓலையில் ஏறும். கணக்குக் காட்டாதார் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் ஏறா. கணக்குக் காட்டாதாரை விலக்கியது மெச்சத்தக்கதே. நிலமற்றாரை விலக்கியதை என்னென்பது? குலுக்கல் தூயதாய் இருந்தும் குடம் தூயதாய் இல்லாமற் போகலாம் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை. வாரியம் ஜூரியன்று என்பதை யாம் மறந்தோமில்லை. ஒப்புமை கருதியே கூறினோம்.

எம் ஊர் உழவர்கரை; புதுவையை ஒட்டியது. ஆகலின் புதுவையில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுதல் முறை. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராய் விளங்கிய நயினியப்ப பிள்ளை 1716ஆம் ஆண்டு சிறைப்பட்டார். அவரை விசாரித்த ஆலோசனைச் சபைக்குத் தலைவர், அவரைச் சிறைப்படுத்திய கவர்னர் எபேர் துரையே. விசாரணை மொழியாகிய பிரெஞ்சு குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரியாது. கடைத்தெருவிற் சாட்டையடியும், மூன்றாண்டுச் சிறையும், பொருட்பறிமுதலும், பின்னர் நாடுகடத்தலும் தண்டனையாயின. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். அதற்குப் பின்னரே பிரான்சு நாட்டில் அத்தீர்ப்புத் தவறென்று தள்ளப்பட்டது. இயேசு சபைக் குருமார் அவர்பாற் கொண்டிருந்த பகைமையும் இவ்வழக்கிற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கிறிஸ்தவராகிய யாம் அதனை மறைத்தெழுதுதல் நேர்மையன்று. தூக்குத் தண்டனை விதிக்கப்படாத வழக்கே எனினும் உயிரைக் கொண்டுபோன வழக்கு இது. பகைவனே நீதிபதியாய் அமர்ந்த இடத்தில் ஜூரியின் அருமை விளங்கும்.

இனி, சென்னை ராஜதானியில் ஜூரி எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குவாம். 1898ஆம் ஆண்டின் கிரிமினல் நடைமுறைச் சட்டப்படி ஹைகோர்ட்டு ஸெஷன்ஸில் ஒன்பது ஜூரர் அமர்வர். இருபத்தொன்றுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆடவரே பட்டியலில் இடம்பெறுவர். பெயர்கள் குலுக்கியே எடுக்கப்படும். சர்க்கார் தரப்பார் காரணம் கூறாமல் எண்மரை நீக்கலாம். எதிரிகளும் எண்மரை நீக்கலாம். எதிரி ஒருவராயினும் பலராயினும் அனைவருக்கும் சேர்த்து எட்டே என்பது நோக்கத்தக்கது. மரணதண்டனைக்குரிய குற்றமாயின் ராஜதானி நகரங்களில் ஜூரர் தனிப்பட்டியலினின்றே வரல் வேண்டும். சொத்து, நடத்தை, கல்வி ஆகியவற்றை நோக்கி எழுதப்படும் அப்பட்டியலில் நானூறு பெயருக்கு மேல் இருத்தலாகாது. சென்னை நகரிலோ 1941இல் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அறிவுடையார் கூர்ந்து ஆராய்வர் என்பது அவ்விதியின் நோக்கமாகலாம். ஆயின் ரிக்‌ஷா இழுப்பவன் கூண்டில் நின்றால், அவன் தெருவில் வாழும் ஒருவனாவது அந்நானூற்றுள் இருப்பானோ?

மற்றொரு விதியே எம்மை மிகவும் திகைக்கச் செய்தது. ஹைகோர்ட்டில் ஒன்பதின்மருள் அறுவர் ஒரு கருத்தினராய் இருந்து நீதிபதியும் உடன்பட்டால் அதுவே தீர்ப்பு. ஐவர்தாம் ஒருமித்தனர் எனில் தீர்ப்பில்லை. அந்த ஜூரி கலைக்கப்படும். இங்கிலாந்தில் 1967 வரையில் பன்னிருவரும் ஒருமித்தாலன்றித் தீர்ப்பில்லை. அந்நாட்டில் பெரும்பான்மைத் தீர்ப்பு வருமுன்னரே, 1965இல், கொலைக்கு மரணதண்டனை நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தில் ஒருவனைத் தூக்கிலிடப் பன்னிருவர் உடன்பாடு வேண்டியிருந்தது. அவ்வாங்கிலேயரே வகுத்த சட்டத்தின்படி சென்னையில் ஒன்பதின்மருள் அறுவர் போதும்.

இவ்விதியின் கூர்மையைத் தமிழ்நாடு முழுதும் உணர்ந்தது லட்சுமிகாந்தன் கொலை வழக்கில். சினிமா நடிகர்களின் அந்தரங்கங்களை முதலில் 'சினிமா தூது' என்னும் பத்திரிகையிலும், பின்னர் 'இந்து நேசன்' என்னும் பத்திரிகையிலும் எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் செல்லுகையில் குத்துண்டு மறுநாள் இறந்தார். சதிசெய்து கொலைக்குத் தூண்டினர் என்று எம். கே. தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பெற்றனர். கொலைச் சதிக்கும் சட்டம் மரணதண்டனை வரை இடமளிப்பது.

எம் பூட்டனார் அக்காலத்தில் இளைஞர். பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த அவருக்குச் சென்னைக் கோர்ட்டு அயல்நாட்டுக் கோர்ட்டே. எனினும் பாகவதரின் இசைத்தட்டுகளைப் பெட்டியிற் பூட்டி வைத்து, "அவர் வந்த பிறகுதான் இனிப் பாட்டு" என்று சொல்லித் திரிந்தாராம். அத்தட்டுகளுள் ஒன்று இன்றும் எம் இல்லத்தில் விரிசலோடு இருக்கின்றது. எல்லைக்கு இப்பால் உழவர்கரையிலேயே இத்தகைய பற்று நிலவியதென்றால் சென்னை நகரின் நிலையை என் சொல்வது! 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் அவர் பாடிக்கொண்டிருக்க, மெய்யுருவில் கூண்டில் நின்றார். அவரைப் பற்றி யாதொரு கருத்தும் இல்லாத ஒன்பதின்மரை அந்நகரில் எங்கே தேடுவது? அவரை விரும்பினோர் பலர். சினிமாக்காரர் என்ற அளவிலேயே வெறுத்தோரும் உளர். 'இந்து நேசன்' வாசித்துச் சிரித்தோர், அதனைத் தீயிலிட விழைந்தோர் இருசாராரும் நகரில் இருந்தனர். காரணம் கூறாமல் எண்மரை நீக்கும் உரிமை இத்துணைப் பெரிய ஆரவாரத்தின்முன் எவ்வளவினது?

நீதிபதி மாக்கெட் துரை முன்னிலையில் வழக்கு நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று ஜூரர் அறுவர் கூறினர், மூவர் உடன்படவில்லை. நீதிபதி அறுவரோடு உடன்பட்டு, 1945 மே 3ஆம் நாள் ஆயுட்காலத் தீவாந்தர சிட்சை விதித்தார். ஆறும் மூன்றும்! சட்டம் கேட்ட குறைந்த எண் எதுவோ, அதுவே கிட்டியது. அறுவருள் ஒருவர் மட்டும் மாறுபட்டிருந்தால் அன்று தண்டனையே இல்லை. அந்த ஓர் இருக்கையில் அமர்ந்தவரை அங்கே அமர்த்தியது குடத்திலிருந்து வந்த ஒரு சீட்டு. அவருக்கு முன் வந்து நீக்கப்பட்டவர் எவரேனும் இருந்திருந்தால், அவர் என்ன கூறியிருப்பாரோ யார் அறிவார்! இருவர் வாழ்வு அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிற்று. நீதிபதி மரணதண்டனையைத் தெரிந்திருப்பின், அந்நூலிலேயே உயிரும் தொங்கியிருக்கும்.

ஹைகோர்ட்டில் செய்த அப்பீல் அவ்வாண்டு அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் கேட்குமாறு திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுதீன் ஆகிய இருவரும் சாட்சியங்களை ஆராய்ந்து இருவரையும் விடுவித்தனர். இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்தால் பாகவதரின் புகழ் திரும்ப மலரவில்லை; 1959இல் மறைந்தார். பூட்டனார் காலமாகும்வரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுண்டு: "அந்த மூன்று பேர் யாரப்பா?" விடுவித்த நீதிபதிகளைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

ஜூரியைத் தெரிவதில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எத்துணை உரிமை தருவது? இது வெள்ளையர் ஆட்சியிலேயே பெரும்பூசலாய் வெடித்த வினா. 1883இல் இல்பர்ட் மசோதாவை எதிர்த்து ஐரோப்பியர் கிளர்ந்தனர். அடுத்த ஆண்டு ஏற்பட்ட சமரசப்படி, ஐரோப்பியர் ஒருவர் தம் வழக்கில் ஜூரரிற் பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருத்தல் வேண்டுமென்று கோரலாம். தம்மினத்தார் தமக்கு நீதி வழங்க வேண்டும் என்னும் ஆசை இயல்பே. ஆயின் கொலையுண்டவன் வேற்றினத்தானாயின், அவனுக்கு நீதி வழங்குபவர் யார்?

இவ்வினா இலங்கையில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அந்நாட்டில் ஜூரர் எழுவர். ஐவர் ஒருமித்தாற் போதும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாக ஜூரர் பட்டியல்கள் உண்டு. எப்பட்டியலினின்று ஜூரர் வரவேண்டும் என்று தெரியும் உரிமை எதிரியினுடையது. சாட்சி கூறுவது தனக்கும் தன்னைத் தீர்ப்பவர்க்கும் ஒருங்கே விளங்கவேண்டும் என்பது அதன் கருத்து. நயினியப்ப பிள்ளையின் நிலையை நினைத்தால் அதன் அருமை தெரியும். கிரிக்கெட்டு வீரர் சதாசிவம், தம் மனைவியைக் கொன்றார் என்று 1951இல் குற்றஞ்சாட்டப்பெற்று, தூக்குமரத்தின் நிழலில் ஏறத்தாழ இருபது திங்கள் கழித்தபின், ஐம்பத்தேழு நாள் விசாரணையின் முடிவில், 1953 ஜூன் 25ஆம் நாள் கொழும்பு ஜூரர் எழுவரும் ஒருமித்து அவரை விடுவித்தனர். அவர் தமிழர் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆயின் அதே விதி 2016இல் வேறு முகம் காட்டிற்று. யாழ்ப்பாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் நாள் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படைப் புலனாய்வினர் உள்ளிட்டோர் மீது வழக்கு வந்தது. எதிரிகள் சிங்கள மொழி ஜூரியைக் கோரினர். கொலையுண்டார் தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தும் கோரிக்கை ஏற்கப்பட்டது. 2016 டிசம்பர் 24ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், எதிரிகள் ஐவரும் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையிலேயே, 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கில், அனுராதபுரத்து ஜூரி இராணுவத்தார் அறுவரை விடுவித்திருந்தது.

சிங்களராகலின் பொய்த்தீர்ப்புச் சொன்னார் என்று எழுத எமக்கு உரிமையில்லை. எழுவர் நெஞ்சில் இருந்ததை எவர் அறிவார்? சதாசிவத்தை விடுவித்ததும் கொழும்பு ஜூரியே. கொலைக்கு மரணதண்டனை விதிக்கும் நாட்டில், ஐயத்தின் பயனை எதிரிக்கு நல்குவதே அறமாகும். இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை எனினும் தண்டனை ஏட்டில் இருக்கின்றது. எம் மனக்குறை தீர்ப்பின்மீதன்று, பட்டியலின்மீது. எதிரிக்கு மொழி விளங்கவேண்டுமென்று எழுந்த விதி, கொல்லப்பட்டவன் இனத்தார் ஒருவரேனும் அவையில் இல்லாதிருக்க வழிசெய்ததாயின், அவ்வழக்கில் எத்தீர்ப்பு வந்தாலும் ஒருசாரார் அதனை நம்பப்போவதில்லை. ரவிராஜின் மனைவியாருக்கு அந்நள்ளிரவில் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

அமெரிக்க நாட்டிலோ நீக்குதலே ஒரு கலையாய் வளர்ந்துவிட்டது. மிஸிஸிப்பி மாகாணத்து வினோனா என்னும் சிற்றூரில் 1996இல் நால்வர் கொலையுண்ட வழக்கில் கர்ட்டிஸ் பிளவர்ஸ் என்னும் கறுப்பினத்தவரை ஆறுமுறை விசாரித்தனர். அவ்வாறு விசாரணைகளிலும் சேர்த்து, சர்க்கார் வக்கீல் நீக்கக்கூடியவராயிருந்த கறுப்பின ஜூரர் நாற்பத்திருவருள் நாற்பத்தொருவரை நீக்கினார். ஆறாம் விசாரணையில் மரணதண்டனை விதித்த பன்னிருவருள் கறுப்பினத்தார் ஒருவரே. இனம் கருதி நீக்குதல் கூடாது என்று 1986லேயே அந்நாட்டு உச்சநீதிமன்றம் விதித்திருந்தும், காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2019 ஜூனில் அந்நீதிமன்றம் தண்டனையைத் தள்ளியது. 2020இல் வழக்கே கைவிடப்பட்டது. இருபதாண்டுக்கு மேல் அவர் சிறையிற் கழித்திருந்தார்.

எம்மைத் தொட்டது அந்நாட்டின் மற்றொரு வழக்கம். மரணதண்டனைக்குரிய வழக்கில் ஜூரராக வருவாரிடம் அத்தண்டனைக்கு உடன்படுவாரோ என்று கேட்டு, எந்நிலையிலும் உடன்படாதாரை விலக்கிவிடுவர். பொதுப்படத் தயங்குவோர் அனைவரையும் விலக்கலாகாது என்று 1968இல் ஒரு வரம்பு கட்டினர். ஆயினும் விலக்குதல் நின்றபாடில்லை. விலக்கியபின் எஞ்சும் ஜூரி 'குற்றவாளி' என்று கூறவே மிகுதியும் சாய்கின்றது என்று ஆராய்ந்தோர் சொல்ல, அதனை ஒப்புக்கொண்டாலும் முறை செல்லுமென்று 1986இல் உச்சநீதிமன்றம் துணிந்தது. தண்டனையைப் பற்றிக் கேட்ட வினா, குற்றம் செய்தானோ இல்லையோ என்பதன் விடையையும் திரித்துவிடுகின்றது. மன்றத்தில் எம்மை இறக்கிவிட்ட நண்பர் இதனை அறிந்து செய்தாரல்லர். எனினும் அவர் செய்தது இதுவே.

நம் நாட்டில் 1959இல் நடந்த நானாவதி வழக்கில் பம்பாய் ஜூரர் எட்டுக்கு ஒன்றாய் 'குற்றவாளியல்லர்' என்றதை ஹைகோர்ட்டு ஏற்கவில்லை. ஜூரிமுறைக்கு அதனாலும் இழிபெயர் வந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தோடு அம்முறை போயிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1963இல், இந்தியச் சட்டங்கள் புதுவைக்கு விரிந்தன. இன்று உழவர்கரையில் ஒருவன் கொலைக்குற்றம் சாட்டப்பெற்றால் அவனை விசாரிப்பவர் ஸெஷன்ஸ் நீதிபதி. மரணதண்டனை விதிக்கப்படின் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தாலன்றி அது நிறைவேறாது. காரணங்கள் எழுத்தில் வரும்; அப்பீலில் அவற்றைத் தாக்கலாம். ஜூரியோ காரணம் கூறுவதில்லை. பாகவதரை இறுதியில் காத்தது காரணம் எழுதிய நீதிபதிகளே என்பதை யாம் ஒப்புகின்றோம். ஆயின் பூட்டனார் தேடிய அந்த மூவர் போன்றாருக்கு இன்றைய முறையில் இடமில்லை என்பதையும் ஒப்பவேண்டியிருக்கின்றது. இவ்விரண்டில் எது மேல் என்று துணிய எமக்கு அகவையும் போதாது, சட்ட அறிவும் போதாது.

வரும் மார்கழியில் மன்றத்தார் மீண்டும் ஒரு வழக்காடல் நடத்துவதாகக் கூறுகின்றனர். இம்முறை கூண்டில் நிற்கப்போவது பாண்டியன் என்று கேள்வி. சமையற்கட்டு மண்குடம் உடைந்துவிட்டதாம், வேறொன்று தேடுகின்றனர். பட்டியல் எழுதும் பொறுப்பை ஒருவருக்கே விடாது இருவருக்குத் தரவேண்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். எம் சீட்டு வந்து, அதே வினா எழுமாயின், அதே விடையையே சொல்வோம்.